எறும்பு ஏறிய ரேடியோ

ஆமை அந்த ராணுவ ரேடியோவின் பின் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த பச்சைப் பலகையை விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு நாக்கை நீட்டி அதை ஒரு நக்கு நக்கினார்.

"அத்தான், அது ராணுவ ரகசியம்" என்றாள் ஊசி. "நக்கக் கூடாது."

"இனிக்குது" என்றார் ஆமை.

ஆமை என்பது அவர் நடக்கும் வேகத்தைப் பார்த்து யாரோ புண்ணியவான் வைத்த பெயர். துப்பறியும் தொழிலில் அது ஒரு குறையாக அவருக்குப் பட்டதே இல்லை. ஒரு முறை ஒரு நகைத் திருடனை அவர் துரத்திக்கொண்டு போனபோது, திருடன் மூன்று இடங்களில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, பொறுமை இழந்து தானே வந்து சரணடைந்தான் என்று சொல்வார்கள். ஊசி அவர் மனைவியின் தங்கை. கோர்ட்டில் தட்டச்சராக இருந்தவள். சத்தியம் செய்துவிட்டு மனிதர்கள் சொல்கிற பொய்களையெல்லாம் வருடக்கணக்கில் தட்டித் தட்டி, யாரையும் நம்பாத நல்ல பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. குத்துகிற பேச்சு பிறவியிலேயே இருந்தது.

இருவரும் நின்றுகொண்டிருந்த கட்டடம், படைவீரர்கள் முதுகில் சுமந்து போகிற ரேடியோவைச் செய்யும் கம்பெனி. போன மாதம் ஒரு பயிற்சி முகாமில், "எல்லாரும் அங்கேயே நில்லுங்க" என்று அதிகாரி ரேடியோவில் சொன்னது பாதி வழியில் செத்துப்போய், ஒரு படைப்பிரிவு முழுக்க நிற்காமல் நடந்து ஆற்றில் இறங்கிவிட்டது. நல்லவேளை, எல்லோரும் நீச்சல் தெரிந்தவர்கள். சொட்டச் சொட்டக் கரையேறி ரேடியோவைத் திறந்தால், உள்ளே எறும்புகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. ஒரு ரேடியோ என்றால் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். ஒரு லாரி நிறையத் திரும்பி வந்தது.

இன்று மாலை நாலு மணிக்கு ராணுவத்திலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். அதற்குள் யார் செய்தது என்று கம்பெனி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த ஆர்டர் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடும். முதலாளி ஆளைக் காட்டத் தயாராகத்தான் இருந்தார். அவர் காட்டப்போவது தன் சொந்த மகளைக் கட்டியவரை. ஆதாரம் மட்டும்தான் குறைந்தது. அதற்குத்தான் ஆமையைக் கூப்பிட்டிருந்தார்.

காலையில் தன் அறையில் உட்காரவைத்து அவர் விஷயத்தைச் சொன்ன விதம் ஊசிக்குப் பிடிக்கவில்லை. ரொம்பக் கோர்வையாக இருந்தது. கோர்ட்டில் கோர்வையாகப் பேசியவர்கள் பெரும்பாலும் உள்ளே போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

"சோதனைப் பிரிவுக்கு மாப்பிள்ளைதான் தலைவர். எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி போட்டிக் கம்பெனியில இருந்தவர். பொண்ணு ஆசைப்பட்டாளேன்னு சேத்துக்கிட்டேன்" என்றார் முதலாளி. "இன்னைக்கு அதிகாரி கையில ஒப்படைச்சேன்னா, வேவு பாத்த வழக்குல உள்ள தள்ளிடுவாங்க. அவரை அனுப்பினா நானும் கிளம்பறேன்னு பொண்ணு பெட்டியைக் கட்டி வச்சிருக்கா. நான் என்ன செய்ய? நாடு முக்கியம்."

நாடு என்று சொன்னபோது அவர் மனைவியைப் பார்த்தார். முதலாளியம்மா கணக்குப் பிரிவின் தலைவி. கம்பெனியின் செலவும் கணவரின் உடம்பில் ஓடும் சர்க்கரையும் அவள் கட்டுப்பாட்டில் இருந்தன. இரண்டும் ஏறாமல் பார்த்துக்கொண்டாள். தேநீர் வந்ததும், "அவருக்குச் சர்க்கரை போடாதது" என்று முதல் கோப்பையை எடுத்துத் தன் கையாலேயே கொடுத்தாள். முதலாளி அதை மருந்து குடிக்கிற மாதிரி குடித்தார்.

கிளம்பும்போது உள்ளே போவதற்கான அனுமதி அட்டையை ஊசியிடம் நீட்டினார் முதலாளி. அட்டை அவர் விரலை விட்டு வர மனமில்லாமல் வந்தது. புகைப்படம் ஒட்டிய பசை இன்னும் காயவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஊசி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

இப்போது ஆமை அந்த இனிக்கிற ரேடியோவை மேஜைமேல் வைத்துவிட்டு, எதிரே நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை உயரமான மனிதர். வாயைத் திறந்தால் ஏதோ கொட்டிவிடும் என்பதுபோல அளந்து பேசுகிறவர்.

"இது சீல் வச்ச பெட்டி. இனிப்பு எப்ப உள்ளே போகும்?"

"சூட்டறையில இருக்கும்போதுதான்."

சூட்டறை என்பது, பெரிய இரும்பு அலமாரி ஒன்று ஆள் நுழையும் அளவுக்கு வளர்ந்துவிட்ட மாதிரி ஒரு அறை. செய்து முடித்த ரேடியோக்களைப் பின் மூடியில்லாமல் தட்டுத் தட்டாக அதற்குள் அடுக்கி, பாலைவன வெயிலில் கிடந்தாலும் தாங்குமா என்று இரண்டு நாள் வேகவைப்பார்கள். வெந்தும் பேசுகிறவற்றுக்கு மூடி போட்டு, சீல் வைத்து அனுப்புவார்கள்.

"சாவி?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு மாமாகிட்ட."

"மாமனார் இங்க வருவாரா?"

மாப்பிள்ளை ஒரு கணம் தரையைப் பார்த்தார். "அவர் கட்டின கம்பெனி. எங்க வேணும்னாலும் வருவார்."

ஊசி அவருடைய வெள்ளைக் கோட்டின் பக்கமாக நடந்துபோய், எதையோ தேடுகிறவள்போலக் குனிந்து நிமிர்ந்து திரும்பி வந்தாள். ஆமையின் காதருகில் வந்து மெல்லச் சொன்னாள்.

"கோட்டுப் பையில ஒரு துணி மடிச்சு வச்சிருக்கார். அழுக்குத் துணி."

"பாத்தேன்."

"இனிப்பு வாசனை அடிக்குது."

"அது தெரியாது. மோந்து பாக்கத்தானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

"எங்க அக்கா உங்களை எதுக்குக் கட்டினான்னு இன்னைக்கும் எனக்குப் புரியல" என்றாள் ஊசி. ஆனாலும் அவள் மனம் கனத்தது. அந்த மனிதர் பார்ப்பதற்குக் குற்றவாளி மாதிரி இல்லை. பார்ப்பதற்குக் குற்றவாளி மாதிரி இல்லாதவர்களின் வாக்குமூலங்களைத்தான் அவள் அதிகமாகத் தட்டியிருக்கிறாள்.

ஆமை சூட்டறைக் கதவின் கைப்பிடி முன்னால் போய்ப் பக்தியோடு நின்றார். கைப்பிடியிலிருந்து புறப்பட்டு, கதவோரமாக இறங்கி, தரையும் சுவரும் சேரும் மூலையை ஒட்டி ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

"உள்ளே போனா வெந்துடும்னு தெரிஞ்சு, கைப்பிடியோட திரும்பிப் போகுதுங்க" என்றார். "கெட்டிக்கார ஜாதி. வா, போவோம்."

"எங்க?"

"அதுங்க எங்க போகுதோ அங்க."

துப்பறியும் உலகத்தில் எத்தனையோ துரத்தல்கள் நடந்திருக்கின்றன. எறும்பின் பின்னால் நடந்தது இது ஒன்றுதான். எறும்பு வேகமும் ஆமை வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் இரண்டு தரப்புக்கும் சிரமமில்லை. நடுவில் ஒரு இடத்தில் எறும்புகள் நின்று காத்திருந்ததாகக்கூட ஊசி பிற்பாடு அக்காவிடம் சொன்னாள்.

வழியில் முதலாளி வந்து சேர்ந்துகொண்டார். துப்பறிகிறவர் குனிந்தபடி சுவரோரமாக நகர்வதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "என்னங்க இது, அதிகாரி வர்ற நேரமாச்சு" என்றார்.

"வந்துட்டே இருக்கோம் சார். முன்னாடி போறவங்க கொஞ்சம் மெதுவா போறாங்க."

வரிசை ஒரு நீண்ட நடைபாதையில் நுழைந்தது. சுவரில் தங்க எழுத்தில் 'நாம் வளர்ந்த கதை' என்று எழுதி, வரிசையாகப் புகைப்படங்கள் மாட்டியிருந்தார்கள். முதல் படத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஒல்லியான ஒரு இளைஞர் ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு ரேடியோவைத் திறந்து வைத்திருந்தார். அது முதலாளி என்று முதலாளியே சொன்னால்தான் தெரியும்.

"கல்யாண வீட்டு மைக் செட் ரிப்பேர் பண்ணிட்டிருந்தேன்" என்றார் அவர், அவசரத்தை மறந்து. "கூரை ஒழுகும். நான் செஞ்ச முதல் ரேடியோ மழையில நனைஞ்சுக்கிட்டே பேசிச்சு. அந்தப் பக்கமா போன ராணுவக்காரர் ஒருத்தர் அதைப் பாத்துட்டு, இவன் வேணும்னே தண்ணி ஊத்திச் சோதிக்கிறான்னு நினைச்சு ஆர்டர் குடுத்துட்டார். கூரையை ஒழுகவிட்ட வீட்டுக்காரனுக்குத்தான் இன்னைக்கும் நான் நன்றி சொல்லணும்."

அடுத்த படத்தில் இரண்டு கொட்டகை. அதற்கடுத்ததில் ஒரு ராணுவ லாரி. பிறகு ஓட்டுக் கட்டடம், பிறகு மாடி. கம்பெனி அகலமாக ஆக முதலாளியும் அகலமாகிக்கொண்டே வந்தார். அதுவரை அவர் மேஜை தெரிந்த படங்களிலெல்லாம் ஒரே கண்ணாடிப் புட்டி இருந்தது. அதற்குள் ஒரு ஸ்பூன் நின்றது.

"இது என்ன சார்?" என்றாள் ஊசி.

"அதுவா? சால்டரிங் பேஸ்ட்மா. ஒயரைப் பத்தவைக்கிறதுக்கு முன்னாடி தடவுவோம்."

"ஸ்பூன்ல எடுத்தா?"

"அந்தக் காலத்துல எல்லாமே தாராளம்."

முதலாளியம்மா கணக்குப் பிரிவு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் தொடங்கி அந்தப் புட்டியைக் காணவில்லை. கடைசிப் படத்தில் இந்தக் கண்ணாடிக் கட்டடம். வாசல் முதல் கழிவறை வரை ஏசி. ரிப்பன் வெட்டுகிற எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு கொஞ்சம் நடுங்குகிற மாதிரி இருந்தது.

நடைபாதை முடிகிற இடத்தில் எறும்புகள் இரண்டாகப் பிரிந்தன. கயிறு மாதிரித் தடிமனான வரிசை மாடிப்படியில் ஏறியது. நூல் மாதிரி ஒரு மெல்லிய வரிசை இடப்பக்கமாகத் திரும்பியது.

"தடிமனா இருக்கறதுதான் அத்தான்" என்று ஊசி படியில் கால் வைத்தாள்.

"மேல என் ரூம்தான்மா இருக்கு" என்று குறுக்கே வந்தார் முதலாளி. "அங்க அனுமதி இல்லாம எறும்புகூட வராது. இடப்பக்கம் பாருங்க. இடப்பக்கம் மாப்பிள்ளை ரூம்."

"அனுமதி வாங்கிட்டுத்தான் ஏறுது போல" என்றாள் ஊசி.

ஆனால் ஆமை எதுவும் சொல்லாமல் மெல்லிய வரிசையின் பின்னால் இடப்பக்கம் திரும்பினார். ஊசிக்குச் சுரீரென்றது. கூலி கொடுக்கிறவர் காட்டுகிற பக்கம் திரும்புகிற ஆள் அத்தான் இல்லையே. வயசாகிவிட்டதா? அல்லது காலையில் முதலாளி தனியாக அழைத்துப் போய் ஏதாவது பேசினாரா? அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் அவள் சந்தேகப்படாமல் மிச்சம் வைத்திருந்த ஒரே ஆளும் பட்டியலில் சேர்ந்தார்.

மெல்லிய வரிசை மாப்பிள்ளையின் அறைக்குள் போய், மேஜையின் காலில் ஏறி, கடைசி இழுப்பறையின் இடுக்கில் மறைந்தது. முதலாளி ஆள் அனுப்பி மனைவியையும் மாப்பிள்ளையையும் வரவழைத்தார். எல்லோரும் பார்க்க, தானே குனிந்து இழுப்பறையைத் திறந்தார். உள்ளே, பழைய கம்பித் துண்டுகளுக்கு நடுவில் ஒரு தேன் புட்டி.

"பாத்தீங்களா" என்றார் முதலாளி.

மாப்பிள்ளை அந்தப் புட்டியைப் பார்த்தார், பிறகு மாமனாரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்திருந்தால் ஊசி பேசாமல் இருந்திருப்பாள். அதில் இருந்தது வேறு ஏதோ. செருப்பு தொலைந்தவன், அதை நண்பன் காலில் பார்க்கிற மாதிரி.

"ஏதாவது சொல்லுங்க மாப்பிள்ளை" என்றாள் முதலாளியம்மா. "என் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல அத்தை."

"ஒத்துக்கிட்டார், அவ்வளவுதான்" என்றார் முதலாளி.

ஆமை புட்டியை வாங்கி மூடியைத் திறந்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். முதலாளியம்மா பதறித் தரைவிரிப்பை இழுத்தாள். ஒரு சொட்டு விழவில்லை. தேன் வெள்ளை வெளேரென்று உறைந்து, மெழுகுவர்த்தி மாதிரி புட்டிக்குள்ளேயே இருந்தது.

"ஏசியில வச்ச தேன்" என்றார் ஆமை. "இதை வச்சு ஒரு ரேடியோவைக் கெடுக்கணும்னா, தூக்கி எறிஞ்சு உடைக்கலாம். வேற வழியில்ல."

"அதான் சூட்டறையில வச்சு இளக வச்சிருக்கான்" என்றார் முதலாளி. பேச்சில் மரியாதை கழன்றுவிட்டிருந்தது.

"அங்கதான் சார் எனக்கு இடிக்குது. சதி பண்ண வந்தவனுக்குச் சர்க்கரைத் தண்ணி போதும். ஒரு டம்ளர்ல கரைச்சு ஊத்திட்டுப் போயிடலாம். உறைஞ்ச தேனை எடுத்துட்டு வந்து, சூட்டறையில மேல் தட்டுல வச்சு, இளகுமா இளகுமான்னு காத்துக்கிட்டு யாராவது நிப்பானா? இது கெடுக்க வந்தவன் வேலை இல்ல. சாப்பிட வந்தவன் வேலை. ஒரு நாள் பொங்கி, கீழ்த் தட்டு ரேடியோக்கள்மேல வழிஞ்சுடுச்சு. அது சதி இல்ல, விபத்து."

"அப்ப மாப்பிள்ளை தேன் சாப்பிட்டாரா?" என்றாள் முதலாளியம்மா.

"அவர் சாப்பிடணும்னா கேன்டீன்ல உக்காந்து ரொட்டியில தடவிச் சாப்பிடலாம்மா. யார் கேக்கப் போறாங்க? இந்தக் கட்டடத்துல தேனை வெடிகுண்டு மாதிரி ஒளிச்சு வைக்க வேண்டிய ஆள் ஒருத்தர்தான்."

ஊசிக்கு அந்த ஒல்லி இளைஞரின் மேஜைமேல் நின்ற ஸ்பூன் ஞாபகம் வந்தது. விரலில் ஒட்டிய அட்டையும் ஞாபகம் வந்தது. அவள் கையை மறுபடியும் புடவையில் துடைத்தாள். பசை அல்ல.

"சால்டரிங் பேஸ்ட்" என்றாள் மெதுவாக.

முதலாளியம்மா திரும்பினாள். அவள் திரும்பிய வேகத்தைப் பார்த்து முதலாளி ஒரு அடி பின்வாங்கினார். "என்ன இது, என்னையே சந்தேகப்படறீங்களா? உங்களைக் கூப்பிட்டதே நான்."

"அதனால ஒரு சின்ன உதவி. ரெண்டு பேரும் சூட்டறைச் சாவியை இங்க வைங்க" என்று ஆமை எறும்பு வரிசையின் இரண்டு பக்கமும் தரையைக் காட்டினார். "நான் பேசுறதைவிட அதுங்க தீர்ப்பு சொல்றது நல்லது. அதுங்களுக்குக் கூலி யாரும் குடுக்கல."

மாப்பிள்ளை தன் சாவியைக் குனிந்து வைத்தார். முதலாளி பையைத் தடவினார், தேடினார், இருமினார். மனைவி கையை நீட்டியதும் சாவி உடனே கிடைத்துவிட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு எறும்பு வரிசையை விட்டு விலகி, மாப்பிள்ளையின் சாவியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அலட்சியமாகத் திரும்பியது. முதலாளியின் சாவியை நெருங்கியது. நின்றது. ஓடிப்போய் இன்னொன்றிடம் ஏதோ சொன்னது. கொஞ்சம் கொஞ்சமாக நூல் வளைந்தது. முதலாளியின் சாவி கறுத்துப்போனது.

"மாடிக்குப் போற தடிமனான வரிசை ரொம்ப நாளா நடக்கற பாதை" என்றார் ஆமை ஊசியிடம். "அது எங்க போகும்னு தெரிஞ்சதுதான். இந்த மெல்லிசு, இன்னைக்குப் போட்டது. இதை யார் போட்டாங்கன்னு அவரே கூட்டிட்டுப் போய்க் காட்டட்டும்னுதான் இடப்பக்கம் திரும்பினேன்."

"உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன் அத்தான்."

"தெரியும். முதுகு குத்திச்சு."

முதலாளி மாப்பிள்ளையின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தகரக் கொட்டகையில தேன் தண்ணி மாதிரி ஓடும்" என்றார் தரையைப் பார்த்து. "இவ்வளவு பெரிய கட்டடம் கட்டியிருக்கேன். எல்லாம் இருக்கு. ஒரு தேன் இளகறதுக்கு இடமில்ல."

"ஆனா மாப்பிள்ளையை ஏங்க?" என்றாள் மனைவி. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

"எதிரி ஆள் உள்ளே பூந்து கெடுத்தான்னு சொன்னா, எதிரியே பயப்படற கம்பெனின்னு ராணுவம் ரெண்டு மடங்கு வாங்கும். முதலாளி தேன் நக்கினதுல கெட்டுப்போச்சுன்னு சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சுட்டா முடிஞ்சது. நம்ம தொழில்ல பயமுறுத்தலாம், சிரிப்பு மட்டும் மூட்டக் கூடாது."

"ஒரு கேள்வி பாக்கி இருக்கு" என்றாள் ஊசி. "மேல் தட்டுல வழிஞ்ச தேன் எங்க? சூட்டறை பளபளன்னு இருக்கு." அவள் மாப்பிள்ளையின் கோட்டுப் பையைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை அந்தத் துணியை வெளியே எடுத்தார். "நான்தான் துடைச்சேன். மாமா வர்றது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சா வீட்ல சண்டை வரும்னு ஒவ்வொரு தடவையும் அவர் போனதும் துடைச்சு வைப்பேன். கீழ்த் தட்டு வரைக்கும் வழிஞ்சிருக்கும்னு பாக்கத் தோணல. அது என் தப்பு."

முதலாளி தலையை நிமிர்த்தவில்லை. காது மட்டும் சிவந்தது.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. விசாரணை அதிகாரி உள்ளே வந்து, எறும்பு மொய்த்த சாவியைச் சுற்றியிருந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "காரணம் தெரிஞ்சுதா? யார் செஞ்சது?"

முதலாளி எழுந்தார். ஒரு முறை மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அவர் எந்தப் பக்கம் விழுவார் என்று ஊசியால் சொல்ல முடியவில்லை.

"நான்தான்" என்றார். "உக்காருங்க, சொல்றேன். சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்கோங்க."

பிறகு குனிந்து, எறும்பு மொய்த்த தன் சாவியை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். "இனிமே ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்பிள்ளை."

சாவி அவர் விரலை விட்டு வர மறுத்தது. மாப்பிள்ளை அவசரப்படவில்லை. மாமனாரின் கையைப் பிடித்துச் சாவியை மெல்ல விடுவித்தார். கையிலிருந்த அதே அழுக்குத் துணியால் முதலில் அவர் விரல்களைத் துடைத்தார். அப்புறம்தான் சாவியை.